பாதிச் சீட்டு

– அப்பா, மூச்சு முட்டுது. இந்தக் கோட்டுங்களை எல்லாம் கொஞ்சம் தள்ளுங்க.

– தள்ள மாட்டேன். குனி. தோள் வெளியில தெரியுது. உன் உசரத்துக்கு நான் எத்தனை கோட்டு தொங்கவிடறது?

– எனக்கு இருபத்தாறு வயசு. பஸ் ஓட்டறேன். நாப்பது பேர் உசுரை நம்பி என் கையில குடுக்கறாங்க. என்னைக் கொண்டுவந்து பழைய கோட்டுக்கு நடுவுல ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?

– யாரும் பார்க்கக் கூடாதுன்னுதானே ஒளிச்சு வெச்சிருக்கேன். கவனி, சத்தமாப் பேசாதே. கடை முன்னாடி பேசறது இங்க கேக்காது. இங்க பேசறது அங்க கேக்கும். இந்தச் சுவரோட குணம் அப்படி.

– சாப்பாட்டு டப்பாவை வாங்கிட்டுப் போலாம்னு வந்தது ஒரு குத்தமா? எதிர்ல பஸ் நிக்குது. கிளம்ப இன்னும் பன்னெண்டு நிமிஷம்தான். எங்க கண்டக்டர் ஒரு மாதிரி ஆளு. நேரமாச்சுன்னா விசிலை வாயில வெச்சவர் எடுக்கவே மாட்டார்.

– பன்னெண்டு நிமிஷம் எனக்குப் போதும். கரடிக்குப் பின்னாடி போ.

– எந்தக் கரடி? ஐயோ, இது இன்னும் இங்கதான் இருக்கா? சின்ன வயசுல இதைப் பார்த்தாலே ஓடிப் போய் அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்குவேன்.

– நாடகக்காரங்க வெளுக்கப் போட்ட வேஷம். திரும்ப வாங்க வரல. வரலேன்னு தூக்கிப் போட முடியுமா? இந்த ரூம்ல தொங்கறது எல்லாமே ஆள் வராத உருப்படிதான். ஒண்ணைக் கூட நான் வித்ததில்ல, யாருக்கும் தூக்கிக் குடுத்ததில்ல. வருஷத்துக்கு ரெண்டு தரம் வெயில் காட்டி, பூச்சி உருண்டை போட்டு, உசுரைக் குடுத்துக் காப்பாத்தறேன். என்னிக்காவது சீட்டை எடுத்துட்டு வருவாங்க. சீட்டு வந்தா உருப்படியைக் குடுக்கணும். அதுதான் இந்தக் கடை விதி. விதின்னா விதி.

– விதி கிடக்கட்டும். இப்ப வந்த அந்த அம்மாவைப் பார்த்ததும் எதுக்கு என் காலரைப் பிடிச்சு இழுத்துட்டு ஓடி வந்தீங்க?

– அவங்க கையைப் பார்த்தியா?

– கையை நான் எதுக்குப் பார்க்கப் போறேன்?

– ரோஸ் கலர் சீட்டு. பாதிச் சீட்டு. ஓரமெல்லாம் மடங்கிப் போய், அவ்வளவு பழசு. நான் பார்த்துட்டேன்.

– நம்ம சீட்டு வெள்ளைதானே?

– இப்ப வெள்ளை. ரோஸ்ல அடிச்சது ஒரே ஒரு வருஷம், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி. மை ஊறிப் போகுதுன்னு அடுத்த வருஷமே நிறுத்திட்டேன்.

– சரி, பழைய உருப்படி ஏதோ கேட்டு வந்திருக்காங்க. எடுத்துக் குடுங்க. இதுக்குத்தானே உசுரைக் குடுத்துக் காப்பாத்தறீங்க?

– அதைக் குடுக்க முடியாது.

– ஏன், தொலைச்சுட்டீங்களா?

– தொலைக்கல.

– பூச்சி அரிச்சுடுச்சா?

– ஒண்ணும் அரிக்கல. முழுசா இருக்கு. எண்பத்தெட்டு கிலோ இருக்கு.

– எண்பத்தெட்டு கிலோவுக்கு அப்படி என்ன துணி... அப்பா. எண்பத்தெட்டு கிலோ நான்தான். போன வாரம் டெப்போவுல எடை பார்த்துட்டு வந்து உங்ககிட்டதான் சொன்னேன்.

– ஆமாம். அதனாலதான் எனக்குத் தெரியும்.

– பிரேக் போடுங்க. ரிவர்ஸ் எடுங்க. மொதல்லேருந்து, மெதுவா வாங்க.

– உட்காரு. உட்கார இடமில்லையா, சரி, கரடியைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. கவனி. அப்ப எனக்குக் கல்யாணம் ஆகல. இந்தக் கடைன்னா நான், ஒரு மெஷின், ஒரு தராசு, அவ்வளவுதான். கடை திறக்கறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போறவங்க வந்து நிப்பாங்க. அவங்களுக்காக ஜன்னலை ஒட்டி ஒரு பலகை அடிச்சு, பக்கத்துல சீட்டுப் புத்தகத்தைக் கயித்துல கட்டி வெச்சிருந்தேன். மூட்டையைப் பலகையில வைக்கணும். சீட்டைக் கிழிச்சு ஒரு பாதியை மூட்டையில ஊக்கு போட்டுக் குத்தணும். மறு பாதியை எடுத்துட்டு மணியை அடிச்சுட்டுப் போகணும். நான் வந்து மூட்டையை உள்ள எடுத்துக்குவேன். ஆளை ஆள் பார்க்கவே வேண்டாம்.

– நல்ல ஏற்பாடுதான்.

– ரொம்பப் பெருமையா இருந்தேன் அதுல. ஒருநாள் மணி மூணு தரம் அடிச்சுது. ஒரு தரம் அடிக்கறதுதான் வழக்கம். வந்து பார்க்கறேன், ஆள் இல்ல. மூட்டை இருக்கு. வெள்ளைப் போர்வை, அழகாச் சுத்தி, முடிச்சுல மட்டும் ஊக்கு குத்தி, நூத்திப் பதினேழாம் நம்பர் சீட்டு. எல்லாரும் ஊக்கைக் கண்ட இடத்துல குத்துவாங்க. இது துணி நூல் கூட இழுபடாம அவ்வளவு பதமா இருந்துது. இந்த மாதிரி வாடிக்கைக்காரங்க நாலு பேர் இருந்தா போதும்னு நினைச்சேன்.

– அதுக்குள்ள நான்.

– அதுக்குள்ள நீ. நான் எங்க பார்த்தேன்? தூக்கித் தராசுல வெச்சேன். அஞ்சரை கிலோ.

– என்னை எடை போட்டீங்களா?

– எல்லா மூட்டையையும் எடை போட்டுத்தான் எடுப்போம்.

– நோட்டுல என்னன்னு எழுதினீங்க?

– போர்வை வகை. வெள்ளை. லேசான ஈரம்.

– லேசான ஈரம்.

– ஏன், சரியாத்தானே எழுதியிருக்கேன்?

– என்னை மெஷின்ல போட்டீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.

– போடுவேனாடா? பிரிச்சுப் பார்க்காம ஒரு கைக்குட்டையைக் கூட நான் மெஷின்ல போட்டதில்ல. வெள்ளை தனி, கலர் தனி. பாக்கெட்டெல்லாம் தடவிப் பார்க்கணும், பேனா இருக்கும், சாவி இருக்கும். பிரிச்சேன். நீ கொட்டாவி விட்டே. இத்தனை வருஷத் தொழில்ல கொட்டாவி விட்ட உருப்படி அது ஒண்ணுதான்.

– உடனே தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டீங்களா?

– உடனே மூடிட்டேன்.

– மூடிட்டீங்களா?

– கண்ணு ஏமாத்துதோன்னு நினைச்சேன். பழையபடி சுத்தி வெச்சுட்டு, போய் மூஞ்சியைக் கழுவிட்டு வந்து திரும்பப் பிரிச்சேன். நீ இன்னும் இருந்தே. இந்தத் தரம் என்னைப் பார்த்து முறைச்சே.

– முறைக்காம? எடை போட்டு லேசான ஈரம்னு எழுதினா எவனுக்குத்தான் கோபம் வராது?

– அன்னிக்கே போலீசுக்குப் போய்ச் சொன்னேன். அவங்க வந்து உன்னைக் கொண்டுபோய்க் காப்பகத்துல விட்டாங்க. இதோ, ரெண்டு தெரு தள்ளி இருந்துதே, அந்தக் காப்பகம். அவங்க போர்வை எல்லாம் நம்ம கடைக்குத்தான் வரும். கணக்கு பார்க்கற சாக்குல நான் போய் எட்டிப் பார்ப்பேன். என் உருப்படி எப்படி இருக்குன்னு கேப்பேன். அங்க இருந்த ஆயாம்மா துடைப்பத்தை எடுத்துட்டு வருவாங்க.

– எட்டு நிமிஷம் இருக்கு. அம்மா எந்த ஸ்டாப்புல ஏறினாங்க?

– அவளா? பத்தாம் நாளோ பதினோராம் நாளோ. இஸ்திரிக்கு ஆள் தேவைன்னு வாசல்ல அட்டை மாட்டியிருந்தேன். நான் ஒரு சட்டையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், பாக்கெட்ல மை கொட்டின சட்டை. வாசல்ல நிழல் தட்டுச்சு. இஸ்திரி வேலைக்கான்னு கேட்டேன். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் ஆமான்னா. மொத நாளே மூணு சட்டையைக் கருக்கினா. அதுல ஒண்ணு ஒரு வாத்தியாரோடது. முதுகு நடுவுல இஸ்திரிப் பெட்டி அப்படியே அச்சு விழுந்துடுச்சு. அந்த மனுஷன் கவனிக்காம அதையே போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டார். கரும்பலகைப் பக்கம் திரும்பினப்பல்லாம் பசங்க கொல்லுன்னு சிரிச்சிருக்காங்க. சாயங்காலம் வந்து என் கழுத்தைப் பிடிச்சுட்டார்.

– அப்பவே வேலையை விட்டு அனுப்பியிருக்கலாமே?

– அனுப்பத்தான் நினைச்சேன். ஆனா ஒரு விஷயத்துல அவளை அடிச்சுக்க ஆள் இல்ல. காப்பகத்துப் போர்வை மூட்டை இருக்கே, அதைத் தூக்கிட்டுப் போக எந்த ஆளும் சம்மதிக்க மாட்டான், அவ்வளவு கனம். இவ மட்டும் தானாக் கேட்டு வாங்கித் தூக்கிட்டுப் போவா. மழையில கூடப் போவா. போனா ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வருவா. சரி, இஸ்திரிக்கு லாயக்கில்ல, மூட்டை தூக்கவாவது ஆச்சுன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒருநாள் ஆயாம்மா சொன்னாங்க, அந்தக் கொட்டாவிப் பயல் யார் தூக்கினாலும் கத்தறான், உங்க கடைப் பொண்ணு தூக்கினா மட்டும் வாயை மூடறான்னு.

– அம்மா கை ராசி.

– அப்படித்தான் நானும் நினைச்சேன். ஆறு மாசம் தேடிப் பார்த்தாங்க, உன்னைக் கேட்டு யாரும் வரல. நானே வளர்க்கறேன்னு தத்து குடுக்கற ஆபீஸ்ல போய் எழுதிக் குடுத்தேன். தனி ஆம்பளைக்குக் குழந்தை தர மாட்டோம்னு தாளைத் திருப்பித் தள்ளிட்டாங்க. அன்னிக்கு இஸ்திரி மேஜைக்குப் பக்கத்துல நின்னு பொலம்பிக்கிட்டு இருந்தேன். அவ பெட்டியைத் தூக்காமலே, அப்ப நாம கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டா. நான் வாயைப் பொளந்துட்டேன். அந்த நேரத்துல கீழ இருந்த மேஜை விரிப்பும் கருகிடுச்சு.

– ஆக, எனக்காகத்தான் உங்க கல்யாணமே நடந்திருக்கு.

– நான் நல்லா இருந்தேன்டா அப்ப. தலை நிறைய முடி. எனக்காகவும் இருக்கலாம்.

– இத்தனையும் கேட்டுட்டு நான் ஸ்டியரிங் பிடிக்கணும்.

– கரடியை விடாதே. இரு, கோட்டு இடுக்குல என்ன நடக்குதுன்னு பார்க்கறேன். உங்கம்மா கவுண்டர்ல நிக்கறா. அவங்க ஏதோ சொல்றாங்க. கையை ரெண்டு பக்கமும் அகலமா விரிக்கறாங்க.

– எதுக்கு?

– நீ எவ்வளவு பெருசா வளர்ந்திருக்கேன்னு கேக்கறாங்க போல. இப்ப வயித்துக்கு முன்னாடி வட்டமாக் காட்டறாங்க.

– எனக்கு அவ்வளவு தொப்பை கிடையாது.

– உட்கார்ந்து ஓட்டற வேலை, இருக்கும்னு ஊகிச்சிருப்பாங்க. காதைக் காட்டறாங்கடா. தலைக்கு மேல ரெண்டு கையையும் வெச்சு, பெருசா, வட்டமா. முடிஞ்சுது. உன் காது எந்தக் கூட்டத்துலயும் தனியாத் தெரியும். பெத்தவளுக்கு அது ஞாபகம் இல்லாம போகுமா?

– என் காதுல அப்படி என்ன இருக்கு?

– இப்ப உறுமறாங்க.

– என்ன பண்றாங்க?

– பல்லைக் கடிச்சுக்கிட்டு, விரலை எல்லாம் மடக்கி உறுமறாங்க. நீ குறட்டை விடறது அவங்களுக்கு எப்படித் தெரியும்? பரம்பரையா இருக்குமோ? உங்கம்மாவைப் பாரு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா. புள்ளையைக் கேட்டு ஆள் வந்து நிக்குது, இவளுக்குச் சிரிப்பு. அவங்க இப்ப கண்ணைத் துடைக்கறாங்க. அழறாங்கடா. போச்சு, எல்லாம் போச்சு.

– அப்பா, இப்படித் திரும்புங்க. இத்தனை வருஷம் ஏன் என்கிட்ட சொல்லல?

– பயம்.

– நான் பெத்தவங்களைத் தேடிக்கிட்டுப் போயிடுவேன்னா?

– நீ போக மாட்டே. உனக்குச் சொந்த செருப்பையே தேடத் தெரியாது. அவங்க வந்துடுவாங்கன்னு பயம். சீட்டோட வந்துடுவாங்கன்னு. சொல்லாம இருந்தா நடந்ததே இல்லேன்னு ஆயிடும்னு ஒரு முட்டாள்தனம். உங்கம்மாகிட்ட ரெண்டு மூணு தரம் சொன்னேன், பயலுக்குச் சொல்லிடலாம்னு. இப்ப வேணாம், அப்புறம் பார்க்கலாம்னு தள்ளிப் போட்டுட்டே வந்தா. எனக்கும் அது வசதியா இருந்துது.

– ஆபீஸ்ல கையெழுத்து போட்டுத்தானே வாங்கினீங்க? தாள் இருக்குல்ல?

– முத்திரையோட இருக்கு. பெட்டியில பூட்டி வெச்சிருக்கேன்.

– அப்புறம் என்ன? சட்டப்படி நான் உங்க புள்ளை. அதுவும் இந்த வயசுல என்னை யார் தூக்கிட்டுப் போறது, கிரேன் வெச்சா?

– உனக்குப் புரியல. சட்டம் கவர்மென்ட் எழுதினது. சீட்டு நான் எழுதினது. பின்பக்கம் என் கைப்பட எழுதி அச்சடிச்சிருக்கேன், இந்தச் சீட்டைக் கொண்டு வருபவரிடம் உருப்படியை மறுபேச்சின்றி ஒப்படைப்போம்னு. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் நான் இல்லேன்னு சொன்னதில்ல. ஒத்தைக் காலுறைக்குச் சீட்டு கொண்டு வந்தாரு ஒருத்தர். அதையும் தேடி எடுத்துக் குடுத்தவன் நான்.

– அப்ப என்னையும் குடுத்துடுவீங்களா? எப்படி, இஸ்திரி போட்டா, இல்ல சும்மா மடிச்சா? கவர் போட்டுக் குடுங்க, தூசி படும்.

– கிண்டல் பண்ணாதே.

– பண்ணலப்பா. நிஜமாத்தான் கேக்கறேன். குடுத்துடுவீங்களா?

– இல்ல.

– விதி?

– விதியாவது ஒண்ணாவது. கவனி. இப்ப நான் வெளியில போறேன். அம்மா, உங்க சீட்டு சரியான சீட்டு, உங்க ஊக்கு கூட ரொம்ப நல்ல ஊக்கு, உருப்படி எங்கிட்ட பத்திரமா இருக்கு, ஆனா தர மாட்டேன்னு சொல்லப் போறேன். மொத மொதலா ஒருத்தருக்கு இல்லேன்னு சொல்லப் போறேன். வேணும்னா கடைப் பலகையைக் கழட்டிக்கறேன். நீ என் புள்ளைடா. தராசுல வெச்சப்பவே என் புள்ளை. என்ன, நோட்டுல தப்பா எழுதிட்டேன், அவ்வளவுதான்.

– அப்பா.

– என்ன?

– நீங்க அழுதா எனக்கும் வரும். டியூட்டியில இருக்கேன்.

– நான் எங்க அழறேன்? பூச்சி உருண்டை நெடி.

– என்னங்க, ரெண்டு பேரும் கோட்டுக்குள்ள பூந்துக்கிட்டு என்ன பண்றீங்க? அங்க ஒரு அம்மா எவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்காங்க.

– நீ வந்துட்டியா? நகரு. நானே போய்ப் பேசிக்கறேன். குடுக்கறதா இல்லேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன்.

– ஏன் குடுக்க மாட்டீங்க? அதை வெச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, பத்து கோட்டு தொங்கவிடற இடம்.

– உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? பெத்த புள்ளை மாதிரி வளர்த்துட்டு இடத்தை அடைக்குதாம்.

– கரடியைப் பெத்த புள்ளை மாதிரி வளர்த்தது நீங்க. எனக்கு அந்தப் பெருமை வேணாம்.

– கரடியா?

– ஆமா, கரடிதான். அவங்கப்பா நாடகத்துல கரடி வேஷம் போட்டவராம். போன மாசம் தவறிட்டாராம். பழைய பெட்டியைக் குடைஞ்சப்ப இந்தச் சீட்டு கிடைச்சுதாம். காது வட்டமா இருக்கும், வயிறு இத்தனை பெருசா இருக்கும், அப்பா இப்படித்தான் உறுமுவாருன்னு செஞ்சு காட்டறாங்க. நானும் சிரிச்சுட்டேன், அவங்களும் சிரிச்சுட்டு அப்படியே அழுதுட்டாங்க. நாப்பத்திரண்டாம் நம்பர், நோட்டுலயும் சரியா இருக்கு. டேய், நீ ஏன்டா அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே? விடு.

– அப்பாதான் பிடிச்சுக்கச் சொன்னார், அம்மா. ஒரு சப்போர்ட்டுக்கு.

– குடு இங்க. ஒரு கையில பொத்தான் வேற இல்ல. சரி, நான் பார்த்துக்கறேன்.

– அப்பா. உட்காருங்க.

– கரடிடா.

– ஆமாம்ப்பா.

– கரடியைக் கேட்டு வந்திருக்காங்க. என் பி.பி. எங்கயோ போய் நிக்குது.

– என் காதைப் பத்தி நீங்க பேசினதை எல்லாம் நான் மறக்கவே மாட்டேன்.

– அது உண்மைதானேடா. எத்தனை நிமிஷம் இருக்கு?

– நாலு. கண்டக்டர் பஸ்ஸை ஒரு சுத்து சுத்தி டயரை எல்லாம் தட்டிப் பார்ப்பார் இப்ப. அதுக்கப்புறம்தான் விசில்.

– கோபமா என் மேல?

– இருந்துது. நீங்க பலகையைக் கழட்டறேன்னு சொன்னப்ப இறங்கிடுச்சு. கொஞ்சம் பாக்கி இருக்கு. அது அந்த லேசான ஈரத்துக்கு.

– அனுப்பிட்டேங்க. கரடியைக் கார்ல முன் சீட்டுல உட்கார வெச்சு, பெல்ட் போட்டுக் கூட்டிட்டுப் போறாங்க. ரெண்டு பேரும் ஏன் எழவு வீட்டுல இருக்கற மாதிரி இருக்கீங்க? என்னங்க, சொல்லிட்டீங்களா இவன்கிட்ட?

– சொல்லிட்டேன்.

– எல்லாமா?

– எனக்குத் தெரிஞ்சது எல்லாம்.

– டேய், என்னைப் பாரு. அம்மா மேல கோபமா?

– உங்க மேல என்ன கோபம்? இஸ்திரி தெரியாம அத்தனை சட்டையைக் கருக்கி, மழையில மூட்டை தூக்கி, யாரோ பெத்த புள்ளைக்காக ஒரு சலவைக்காரரைக் கட்டிக்கிட்டு இருக்கீங்க. உங்களுக்கு நான் கோயில்தான் கட்டணும். கோபம் வந்தா என்னைப் பெத்தவங்க மேல வரணும். மணியை அடிச்சுட்டு ஓடிட்டாங்களே.

– அப்படிச் சொல்லாதேடா. ஓடிட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?

– நான்தான் சொன்னேன். வந்து பார்த்தப்ப ஆள் இல்லையே.

– எதிர்ச் சந்துல நின்னு, நீங்க கதவைத் திறந்து மூட்டையை உள்ள எடுக்கற வரைக்கும் பார்த்துட்டுப் போயிருக்கலாம் இல்ல? கைக்குழந்தையோட தனியா நின்னவ, எங்க வைக்கறதுன்னு எத்தனை வாசலைப் பார்த்திருப்பாளோ. வெச்சதை வெச்சபடி நம்பர் போட்டுக் காப்பாத்தி, சீட்டைக் காட்டினா திருப்பிக் குடுக்கற இடம் இந்த ஊர்ல வேற எது இருந்துது? தொலையக் கூடாதுன்னுதானே இங்க கொண்டுவந்து வெச்சிருக்கா.

– நல்லா இருக்கே நீ பரிஞ்சு பேசறது. அவ நல்லவளாவே இருக்கட்டும். நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்? நீ கவனிச்சிருக்கியா, கடைக்கு யார் வந்தாலும் நான் மூஞ்சியைப் பார்க்க மாட்டேன்.

– ஆமா, பெரிய துரைன்னு எல்லாரும் சொல்லுவாங்க.

– துரை இல்லம்மா. கையைப் பார்ப்பேன். எல்லாரோட கையையும். ரோஸ் கலரா ஏதாவது இருக்கான்னு. இவன் கையில வந்த நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும், ஒரு நாள் விடாம. எவ்வளவோ பேர் சீட்டைத் தொலைச்சுட்டு வந்து நிப்பாங்க. அவ மட்டும் தொலைக்க மாட்டா. ஊக்கு குத்தின பதத்தைப் பார்த்தேனே, அவ்வளவு கவனமானவ அதைப் பத்திரமா வெச்சிருப்பா. இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு எடுத்துட்டு வருவா.

– இதை ஏன் என்கிட்ட ஒரு தரம் கூடச் சொல்லல?

– உன்னையும் எதுக்குப் பயமுறுத்தணும்னுதான். நீயாவது நிம்மதியா இருக்கட்டும்னு.

– ஐயோ, இத்தனை வருஷமும் பயந்துக்கிட்டேவா இருந்தீங்க?

– விடு. நீ இவனுக்காகத்தான் என்னைக் கட்டிக்கிட்டேன்னு எனக்குத் தெரியும். தலைமுடியைப் பார்த்து மயங்கினேன்னு எல்லாம் நான் நினைக்கல. இவன் போயிட்டா நீயும் என்ன பண்ணுவியோன்னு ஒரு பயம் அதுல சேர்ந்துக்கும்.

– மொதல்ல அப்படித்தாங்க. பொய் சொல்ல மாட்டேன். இவனுக்காகத்தான் கேட்டேன். அப்புறம் நான் கருக்கின சட்டைக்கு எல்லாம், நான்தான் கருக்கினேன்னு நீங்க போய்த் திட்டு வாங்கிட்டு வந்தீங்களே. எத்தனாவது சட்டையிலன்னு தெரியல, மாறிடுச்சு. இப்ப இவன் பஸ் ஓட்டிக்கிட்டுப் போயிடறான், நான் நாள் பூரா உங்க கூடத்தானே இருக்கேன்?

– அம்மா, கண்டக்டர் விசில் ஊதறார். ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அப்பா, அந்தச் சீட்டு வந்தா வரட்டும். யார் கொண்டு வந்தாலும் நான் போய் நின்னு, வணக்கம் சொல்லி, ஒரு டீ வாங்கிக் குடுத்து, வீட்டுக்குத் திரும்பி வந்துடுவேன். போதுமா?

– போதும்டா. இருந்தாலும் மணி அடிக்கறப்ப எல்லாம் எனக்குத் திக்குன்னுதான் இருக்கும். உசுரு இருக்கற வரைக்கும் இருக்கும். என்னிக்கு வந்து நிப்பாளோ.

– இனிமே நீங்க யார் கையையும் பார்க்க வேணாங்க. அந்தச் சீட்டு ஏற்கெனவே வந்துடுச்சு. பத்தாம் நாளே, அதைக் கையில நீட்டிக்கிட்டு என் புள்ளையைக் கேக்கத்தான் உங்க வாசல்ல வந்து நின்னேன், நீங்கதான் தலையைத் தூக்காம இஸ்திரி வேலைக்கான்னு கேட்டுட்டீங்க.